கேடயம் பிடித்த இரண்டு பையன்கள்

செப்டம்பர் 2, திங்கள்

டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். தினமும் வேலைக்குறிப்பு எழுதியே ஆகணும் என்று ஹெப்சிபா மேடம் சொன்னார். எழுத உட்கார்ந்தால் மற்றதும் கூடவே வந்துவிடுகிறது. அதனால் இது தனி நோட்டு. அவரிடம் காட்டப்போவதில்லை.

கரூர் மியூசியத்தில் எனக்கு வேலை இதுதான். கரூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு பானை கிடைத்திருக்கிறது. உள்ளே ரோமானிய வெள்ளிக் காசுகள். அவற்றைச் சுத்தம் செய்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து, என்ன பொறித்திருக்கிறது என்று விவரம் எழுத வேண்டும். தீபாவளிக்கு முன்னால் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊருக்குக் காட்டுகிறார்கள். காசின் சரித்திரம் மேடத்துக்கு, உலோகம் எனக்கு. நான் படித்தது மெட்டலர்ஜி. ராஜா ராணிக் கதையில் எனக்கு ஆர்வமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"நல்லதாப் போச்சு. ஆர்வம் உள்ளவங்கதான் இங்க வந்து கதை விடுதாங்க. நீங்க கண்ணுல பட்டதை மட்டும் எழுதுங்க" என்றார். நாகர்கோவில்காரர். நாற்பது வயதிருக்கும். என்னைவிட வேகமாக நடக்கிறார். அது ஒன்று பிடித்திருக்கிறது.

அறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். கீழே பெட்ஷீட் மடித்துப் பெட்டி கட்டுகிற இடம். சாயங்காலம் ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விட்டால் கட்டடத்தில் நான் மட்டும்தான்.

செப்டம்பர் 4, புதன்

அகஸ்டஸ் காசுகள். முன்பக்கம் தலை, தலையில் இலை மாலை. வாகை மாலை என்று எழுதினேன். வாகை வேறு மரம் என்று நானே அடித்துவிட்டேன். "வெற்றி மாலைன்னு எழுதுங்க, மரத்தை விடுங்க" என்றார் மேடம். தலையைச் சுற்றி எழுத்து: சீசர், அகஸ்டஸ், தெய்வத்தின் மகன், நாட்டின் தந்தை. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்துக்குள் இத்தனை பட்டம். இந்தக் காசு அடிக்கும்போது ஆளுக்கு அறுபது வயதாம். முகம் முப்பது வயது முகம். கடைசிவரை அப்படியேதான் அடித்தார்களாம். அச்சு வெட்டுகிறவனுக்குக் கிழட்டு முகம் வெட்டத் தைரியம் இருந்திருக்காது.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார்.

"புது பேட்டர்ன் ரெடியாயிட்டிருக்குது. எழுத்து என்ன போடறது?"

"எப்பவும் போடறதுதானுங்ப்பா."

"ரெண்டுமா?"

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். அறையில்தான் படுத்திருந்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்தால் எனக்கே அரைகுறையாகத் தெரிகிறது. எழுதித் தொலைக்கிறேன்.

அப்பாவுக்குக் கோயம்புத்தூர் கணபதியில் சின்ன ஃபவுண்டரி. தண்ணீர் பம்புக்கு இரும்பு மேல்கூடு வார்க்கிறார். பேட்டர்ன் என்பது கூட்டின் மாதிரி உரு. அதை மணலில் இறுக்கி எடுத்தால் பள்ளம் விழும், பள்ளத்தில் இரும்பை ஊற்றினால் கூடு. உருவில் என்ன எழுத்து இருக்கிறதோ அது ஒவ்வொரு கூட்டிலும் வரும். எங்கள் எழுத்து கே.என். குமரகுரு, நவநீதன். மூத்தவன், இளையவன். எங்கள் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான். பையன் பிறந்தால் அவன் எழுத்து இரும்பில் ஏறிவிடும். பெண் பிறந்தால் அம்மன் பெயரே தொடரும்.

பழைய மர உருவில் வெடிப்பு விட்டிருக்கிறது. புதிதாக அலுமினியத்தில் செய்கிறார்கள். விஜயதசமி காலையில் புது உருவில்தான் முதல் மணல் அச்சுப் பெட்டி கட்ட வேண்டும் என்று அப்பா கணக்கு.

அவர் கேட்கிறது எனக்குப் புரியாமல் இல்லை. எழுத்து யார் எழுத்தோ பட்டறை அவனுடையது. 'என்' போடச் சொன்னால் நான் வந்துவிட வேண்டும். சுற்றி வளைத்துக் கேட்கிறார்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. மெஸ் லீவு. பிஸ்கட்.

மாலையில் ஊர்வலக் கொட்டு கேட்டது. மாடியிலிருந்து பார்த்தேன். தெரு முழுக்க ஆள். ஒருத்தரையும் தெரியாது. ஒருவிதத்தில் வசதிதான்.

செப்டம்பர் 12, வியாழன்

பானையில் பாதிக்குமேல் ஒரே வகை. அகஸ்டஸ் காசின் பின்பக்கம் இரண்டு பையன்கள் நேராகப் பார்த்து நிற்கிறார்கள். நடுவில் இரண்டு கேடயம், ஆளுக்கு ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள். பின்னால் ஈட்டிகள். தலைக்கு மேலே ஒரு கரண்டி, ஒரு வளைந்த குச்சி.

கரண்டியா என்று கேட்டேன். கரண்டிதானாம். சாமிக்கு ஊற்றுகிற கரண்டி, பூசாரி பதவிக்கு அடையாளம். வளைந்த குச்சி பறவை பார்த்துச் சகுனம் சொல்கிறவனுடையது. கேடயமும் ஈட்டியும் 'இவர்கள்தான் நாளைய தலைவர்கள்' என்பதற்கு. பையன்கள் பெயர் காயஸ், லூசியஸ். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள். தத்தெடுத்து மகன்களாக்கிக்கொண்டாராம். கீழே சி.எல். என்று எழுத்து. காயஸுக்கு அவர்கள் 'சி'தான் போடுவார்களாம்.

"ரெண்டு பேரும் பட்டத்துக்கு வரலை. சின்ன வயசுலயே செத்துப் போனாங்க" என்றார் மேடம். "ஆனா காசு கப்பல் கப்பலா இங்க வந்துட்டே இருந்துச்சு. செத்த பிறகும் இதே அச்சுல அடிச்சாங்கன்னு சிலபேர் சொல்லுதாங்க. இல்லன்னும் சொல்லுதாங்க. சண்டை இன்னும் முடியலை."

"செத்துட்டா அச்சை மாத்த வேண்டியதுதானே. ஒரு நாள் வேலை."

"மாத்தலாம். யாரை வைக்கது?"

மைக்ராஸ்கோப்புக்குத் திரும்பினேன். இன்று பத்தொன்பது காசு முடித்தேன். இடுப்பு வலி.

செப்டம்பர் 13, வெள்ளி

அப்பா கூப்பிட்டார். எடுக்கவில்லை.

செப்டம்பர் 18, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. மெஸ்ஸில் கறியை நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதத்துக்குச் சுண்டைக்காய் வத்தக்குழம்பு என்று மெஸ்காரர் சந்தோஷமாகச் சொன்னார்.

பேட்டர்ன் செய்கிற ஆறுச்சாமி போன் பண்ணினார். எங்களுக்கு இருபது வருஷமாக உரு செய்கிறவர்.

"தம்பி, எழுத்துப் போடற எடத்தை வெறும் திட்டா வுட்டு வெச்சிருக்கறனுங். உங்கப்பாருகிட்டக் கேட்டா போனை வெச்சர்றாரு. உங்ககிட்டக் கேக்கச் சொல்லி அம்மா நம்பரக் குடுத்தாங்."

"அவரு பட்டறை, அவரையே கேளுங்."

"கேட்டா வெச்சர்றாருங்."

"மறுபடி கேளுங்."

"நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னை ரிட்டயர் பண்ணீருவீங்க போல" என்றார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பது தெரிந்ததும் அவரும் நிறுத்திவிட்டார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது இன்று.

பெட்டியில் ஒட்டுகிற விளக்கத்தை என்னையே எழுதச் சொல்லியிருந்தார். ஆறு வரி. எழுதிக் கொடுத்தேன். மேடம் படித்தார், பேனாவால் ஒரு இடத்தைத் தட்டினார்.

"மூத்தவன் முதல்ல செத்தான்னு எழுதிருக்கீங்க."

"ஆமா."

"முதல்ல போனது சின்னவன், லூசியஸ். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் காயஸ்."

"இல்லை. மூத்தவன்தான்."

"நவநீதன், போன வாரம் உங்களுக்கு அந்தப் பக்கத்தை நகல் எடுத்துத் தந்ததே நான்தான்."

"அப்ப அந்தப் புத்தகம் தப்பு" என்றேன். யோசித்துப் பார்த்தால், நானூறு பக்கப் புத்தகத்தைப் பார்த்து ஒரு மெட்டலர்ஜிக்காரன் சொல்கிற வார்த்தையா அது. கத்தினேன் என்றுகூட நினைக்கிறேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கைதவறி எழுதியதுதான். கைதவறியது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

செப்டம்பர் 25, புதன்

போகக்கூடாது என்று நினைத்தேன். ஒன்பதரைக்குப் போய்விட்டேன். வேறு எங்கே போவது.

மேடம் எதுவும் கேட்கவில்லை. நாலு மணிக்குத்தான் "வாங்க, கரம் சாப்பிடலாம்" என்றார். இந்த ஊர்க்காரர்கள் பொரியில் சட்னி, தட்டுவடை எல்லாம் போட்டுப் பிசைந்து அதற்குக் கரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வண்டிக்கடை ஓரம் நின்று சாப்பிட்டோம்.

"உங்களுக்குப் போனது அண்ணனா?" என்றார்.

"ம்."

"எப்போ?"

"ரெண்டு வருஷம். பைக்."

"சின்னவன் நீங்க எங்க இருந்தீங்க?"

"புனேல வேலை. வந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் போயிட்டேன். அப்புறம் ஒசூர். இப்ப இங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "இங்க வந்து எனக்கும் எட்டு வருஷமாச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சா அடுத்த நாள் காலைல ஆபீஸ்லதான் வாயைத் தொறக்கேன். உங்க குரல் கொஞ்சம் பெரிசா இருந்தாலும் குரல்தான், பரவாயில்ல" என்றார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் கடைக்காரரிடம் காரம் போதவில்லை என்று சண்டைக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது மிச்சக் கதையைச் சொன்னார். பையன்கள் இரண்டு பேரும் போன பிறகு அகஸ்டஸிடம் மிஞ்சியது மனைவியின் முதல் புருஷனுக்குப் பிறந்த மகன் டைபீரியஸ். அந்த ஆள் கோபித்துக்கொண்டோ சலித்துப்போயோ ஏதோ தீவில் போய் ஏழெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தான். கடைசியில் அவனையே வாரிசாக்கினார்கள்.

"அவனைப் பிடிச்சுப்போயா?"

"பிடிச்சுப்போய் இல்ல. வேற ஆள் இல்லாம."

நல்ல கதை. வேற ஆள் இல்லாமல்.

அக்டோபர் 1, செவ்வாய்

டைபீரியஸ் காசுகள் ஆரம்பம். பானையில் மீதி முழுக்க இவன்தான். பின்பக்கம் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் செங்கோல், இன்னொரு கையில் ஆலிவ் கிளை. அவனுடைய அம்மா என்று பலர் நினைக்கிறார்களாம். இருபது வருஷத்துக்குமேல் ஆண்டிருக்கிறான், வெள்ளியில் கிட்டத்தட்ட இதே ஒரு காசைத்தான் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறான். புதிதாக ஒன்று யோசிக்கத் தோன்றவில்லை போல.

அம்மா போன்.

"சாப்பிட்டயா சாமி?"

"ஆச்சுங்மா."

"என்ன சோறு?"

"வத்தக்குழம்பு."

"தினமுமா?" குரலை இறக்கினார். "நவநீ, அப்பா ஞாயித்துக்கெழமையானா தனியாப் பட்டறைக்குப் போறாருடா. எதுக்குன்னு போய்ப் பாத்தேன். பழைய உருவுல அண்ணன் எழுத்து தேஞ்சிருக்குதாமா. பட்டிப் பசையைப் பூசி, காயவெச்சு, பிளேடால செதுக்கீட்டு உக்காந்திருக்கறாரு. வாரா வாரம். மணல்ல நாலு நாள் இடிச்சா மறுபடி தேஞ்சுரும். மறுபடி பூசறாரு."

"ஆறுச்சாமிகிட்டக் குடுத்தா ஒரே தடவைல பித்தளைல பண்ணிக் குடுத்துருவாரு."

"அதையெல்லாம் நீயே வந்து சொல்லு" என்று வைத்துவிட்டார். அம்மா முதலில் போனை வைத்து நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 5, சனி

ஒன்றும் இல்லை. துவைத்தேன். காய்ந்தது.

அக்டோபர் 8, செவ்வாய்

காட்சிப் பெட்டிக்கான வேலை முடிந்தது. சி.எல். விளக்கத்தைத் திருத்தி எழுதினேன். முதலில் இளையவன், பிறகு மூத்தவன். மேடம் கையெழுத்துப் போட்டார்.

ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போகிறேன் என்றேன். போய் என்ன சொல்ல வேண்டும் என்பது மனப்பாடமாக இருக்கிறது. 'கே' இருக்கட்டும், 'என்'னை எடுத்துவிடுங்கள், நான் வரமாட்டேன். மூன்று விஷயம், ஒரு நிமிஷம்.

அக்டோபர் 10, வியாழன்

கோயம்புத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். எல்லார் கையிலும் பொரி மூட்டை. பல்லடம் தாண்டித்தான் இடம் கிடைத்தது. வீட்டில் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "வந்தயா" என்றார். "வந்தேனுங்ப்பா" என்றேன். இரண்டு பேரும் டிவி பார்த்தோம்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை.

காலையிலேயே பட்டறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். கிரைண்டர், டிரில், மணல் இடிக்கிற கட்டை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். உலைக்கு வாழைக்கன்று கட்டியிருந்தது. மணல் அச்சுக் கட்டுகிற மோல்டர்கள் புதுச் சட்டையில் அடையாளமே தெரியவில்லை. ஒருத்தர் என்னைப் பார்த்து, "சின்ன மொதலாளி இளைச்சுட்டாரு" என்றார். முதலாளி என்று கூப்பிட வேண்டாம் என்றேன். "செரிங் சின்ன மொதலாளி" என்றார்.

புது உருவையும் பழைய உருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். புதியதில் எழுத்து வருகிற இடம் மொட்டைத் திட்டு. பழையதைக் குனிந்து பார்த்தேன்.

'கே' நேற்று வெட்டியது மாதிரி இருந்தது. ஓரமெல்லாம் கூர். அதற்குப் பக்கத்தில் 'என்' இல்லை. அதாவது இருந்தது, விரலால் தடவினால் தட்டுப்பட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் கோடு பாதி, நடுக்கோடு சுத்தமாகக் காணோம். இந்த இரண்டு வருஷமும் அதில் ஒருவரும் பட்டி பூசவில்லை.

என் எழுத்தை எடுக்கச் சொல்லத்தான் வந்தேன். அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். இன்னொரு தடவை விரலால் தடவினேன்.

பூஜை முடிந்து அம்மா பொரி கொடுக்கப் போனார். அப்பா மணல் மேட்டு ஓரமாக நின்றிருந்தார். போய்ச் சொன்னேன்.

"ஏனுங்ப்பா, நான் வந்து பட்டறையைப் பாக்கோணும்னா நேராக் கேளுங். எழுத்து என்ன, எழுத்து என்னன்னு சுத்தி வளைக்க வேண்டாம்."

"உன்னை எவன்டா வரச் சொன்னான்?"

"பின்னே?"

"நீ வந்தா நாலு நாள்ல மோல்டர் பூராத்தையும் தொரத்தீருவே. ஒருத்தன்கிட்டப் பொறுமையா ரெண்டு வார்த்தை பேச வருமா உனக்கு? வர வேண்டாம்டா. கரூர்லயே இரு. நல்ல வேலை."

கோபம் வந்தது. வரமாட்டேன் என்று சொல்ல வந்தவனுக்கு வர வேண்டாம் என்றதும் கோபம் வருகிறது.

"அப்பறம் எதுக்குங் திருப்பித் திருப்பிக் கேட்டீங்?"

அப்பா மணலை ஒரு கை அள்ளி, இறுக்கிப் பிடித்து, ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். வேலை இல்லாத நாளில் அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது.

"புது உருவுல 'கே' போடோணுமா வேண்டாமா. போட்டா தினமும் பாக்கோணும். போடலீன்னா..." மணலை உதிர்த்துவிட்டார். "நானா எடுத்துட்டேன்னு இருக்கக் கூடாது. உங்கம்மாளக் கேட்டா அழுவா. ஆறுச்சாமியக் கேட்டு என்ன பண்றது? வேற ஆரைக் கேக்கறது சொல்லு. அவனுக்கு நீதான இருக்கறே."

அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது. இவ்வளவு கிட்டத்தில் நின்று முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. தாடை எலும்பு தெரிகிறது.

செப்டம்பரிலிருந்து இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் பஸ் வந்துவிட்டது என்றேன். போனை எடுக்கவில்லை. எனக்குப் பட்டம் கட்ட வருகிறார்கள் என்று ஓடிக்கொண்டிருந்தேன். அவருக்கு அண்ணனைப் பற்றிப் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது.

"போடுங்ப்பா" என்றேன்.

"ம்."

"என் எழுத்து தேஞ்சு போச்சு, பாத்தீங்களா?"

குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நிஜமாகவே இப்போதுதான் பார்க்கிறார்.

"அட" என்றார். விரலால் தடவிப் பார்த்தார். "நீதான் இருக்கறயே. உன்னுது எங்கடா போயிரும்னு இருந்துட்டேன்."

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. விடிந்ததும் ஆறுச்சாமி வந்தார். இரண்டு எழுத்தையும் பித்தளையில் ஒரே அளவாக வெட்டித் தருகிறேன், பத்து வருஷத்துக்குத் தேயாது என்றார். அதுதான் சரியான முறை. எனக்கே தெரியும். அப்பா வேண்டாம் என்றார்.

பட்டியைப் பிசைந்து அவர் 'கே' செய்தார். கை பழகிவிட்டது, அரை மணியில் முடித்துவிட்டார். டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"உன்னுதை நீயே போட்டுக்க."

எனக்கு வரவில்லை. பிளேடு வழுக்கியது, நடுக்கோடு சாய்ந்தது, இரண்டு தடவை வழித்துப் போட்டேன். மோல்டர்கள் சுற்றி நின்று வேடிக்கை. "இஞ்சினீயரு எழுத்துப் பழகறாருங்" என்றார் ஒருத்தர். இன்றைக்கு வித்யாரம்பம் வேறு. சிரித்துவிட்டேன். அப்பா பிளேடைப் பிடுங்கவில்லை, பொறுமையாக உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்க்காமலே பேசினார். அண்ணனுக்குச் சின்ன வயதில் மணல் ஒவ்வாமை, உடம்பெல்லாம் தடிக்கும், அப்படியும் பள்ளிக்கூடம் விட்டதும் இங்கேதான் வருவான் என்றார். எனக்குத் தெரியாது அது. அப்புறம் நான் ஒன்று சொன்னேன். அவன் புனேவுக்கு வந்து நாலு நாள் என் அறையில் தங்கி, திரும்பிப் போகும்போது வந்ததை அப்பாவிடம் சொல்லாதே என்று சொல்லிவிட்டு என் செருப்பைப் போட்டுக்கொண்டு போனது. "அந்தச் செருப்பு உன்னுதா?" என்றார் அப்பா.

வெயில் ஏறுவதற்குள் முதல் பெட்டி கட்டியாகிவிட்டது. மதியம் ஊற்றினார்கள். மாலையில் உடைத்தோம்.

மணலைத் தட்டியதும் கூடு வந்தது. 'கே' நேராக நின்றது. 'என்' கொஞ்சம் கீழே இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, அதன் மேல் விழுகிற மாதிரி.

"சாஞ்சிருக்குதுங் மொதலாளி" என்றார் மோல்டர்.

"இருக்கட்டும்" என்றார் அப்பா. "அடுத்த பெட்டியைக் கட்டு."